பாக்கெட் இல்லாத பாவாடை: தருமபுரியில் ஒரு சீருடைக் கடையும் ஒரு தையல்கார அக்காவும்

தருமபுரி கடைவீதியை ஒட்டிப் பள்ளிச் சீருடை மட்டுமே விற்கும் கடை ஒன்றில், 2025 மே மாதக் கடைசி வாரத்தில், எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த மகளுக்கும் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்த மகனுக்கும் சீருடை வாங்கினேன். இருவரும் படிப்பது ஒரே தனியார் மெட்ரிக் பள்ளி. அந்தப் பள்ளியின் துணி அந்த ஒரு கடையில் மட்டுமே கிடைக்கும். கடையின் பெயரைச் சொன்னால் பள்ளியின் பெயரும் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதாலும், பிள்ளைகள் இன்னும் பல ஆண்டுகள் அங்கேயே படிக்க வேண்டியிருப்பதாலும், இரண்டையும் குறிப்பிடாமல் விடுகிறேன். ஒரு கல்வியாண்டு முழுவதும் உடுத்தி, துவைத்து, பிரிந்த தையலைப் போட்டுப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். வாங்கிய அன்றே எழுதியிருந்தால் ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண் போட்டுவிட்டு நாலு வரியில் முடித்திருப்பேன்.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 2ஆம் தேதி பள்ளிகள் திறக்கவிருந்த நேரத்தில் கடைசி வாரத்தில் போய் நின்றது என் தவறு. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அவ்வளவு கூட்டத்திலும் ஊழியர்கள் யாரும் சிடுசிடுக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அளவெடுக்கப் பெண்களையே நிறுத்தியிருந்தார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும், ஏனென்றால் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடையில் அளவு நாடாவோடு ஓர் ஆண் வந்தபோது என் மகள் என் பின்னால் போய் ஒளிந்துகொண்டது இன்னும் நினைவில் இருக்கிறது. உடுத்திப் பார்க்கும் அறைதான் மோசம். அட்டைப்பெட்டிகள் அடுக்கிய மூலையில் ஒரு திரை தொங்குகிறது. அதை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் திறந்துகொள்கிறது. நான் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, மகள் உள்ளே மாற்றினாள். மகனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. போட்டிருந்த டிரவுசருக்கு மேலேயே பேன்ட்டை மாட்டிப் பார்த்துவிட்டு, கடை நடுவில் குதித்துக்கொண்டிருந்தான்.

பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். மகளுக்கு இரண்டு சட்டை 980 ரூபாய், இரண்டு மடிப்புப் பாவாடை 1,240, சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கோட் இரண்டு 700, புதன்கிழமைக்கான வெள்ளைப் பாவாடை 540, அதற்குரிய டி-ஷர்ட் 380, பாவாடைக்கு உள்ளே போடும் ஷார்ட்ஸ் இரண்டு 320, முழங்கால் வரையிலான சாக்ஸ் மூன்று ஜோடி 270, டையும் பெல்ட்டும் 180, ரிப்பன் 60. ஆக மொத்தம் 4,670 ரூபாய். மகனுக்குச் சட்டை, பேன்ட், வெள்ளை பேன்ட், டி-ஷர்ட், சாக்ஸ், டை, பெல்ட் எல்லாம் சேர்த்து 3,300. வித்தியாசம் 1,370 ரூபாய். மகள் வளர்ந்தவள், அளவு பெரியது, அதனால் விலை கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் அளவினால் கூடியது 200 ரூபாய்தான். நீள சாக்ஸுக்கு 90 போக, மீதி 1,080 ரூபாயும் கோட், உள் ஷார்ட்ஸ், ரிப்பன் என்று ஆண் பிள்ளைகளுக்கு இல்லவே இல்லாத பொருள்களுக்குப் போனது. இதில் உள் ஷார்ட்ஸ் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பாவாடை மட்டும் போட்டுக்கொண்டு ஒரு பெண் பிள்ளை ஓடவோ, குதிக்கவோ, தரையில் சம்மணம் போட்டு உட்காரவோ முடியாது என்பதைப் பள்ளியே ஒப்புக்கொண்டு, அதற்கான 320 ரூபாயை என்னிடம் வசூலித்திருக்கிறது.

ஒரே கடை என்ற ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2021இல் சீருடைச் செலவுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து, பள்ளி முத்திரை பதித்த உருப்படிகளைக் குறைவாக வைக்க வேண்டும், பழைய சீருடை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றெல்லாம் பள்ளிகளுக்கு நெறிமுறை வகுத்தார்கள். இங்கே டி-ஷர்ட், டை, பெல்ட், கோட் என்று எல்லாவற்றிலும் முத்திரை இருக்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைகளின் பழைய உடையை வாங்கிக்கொள்ளும் வழக்கமோ அக்கம்பக்கத்து அம்மாக்களுக்குள் மட்டும், அதுவும் சற்றுக் கூச்சத்தோடு நடக்கிறது.

இனித் துணி. கடையில் இதை டெரிகாட்டன் என்றார்கள். கலவை விகிதம் எதுவும் சீட்டில் அச்சாகியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாவாடையின் உள்தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூல்கள் சிலவற்றை வெட்டித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி நூல் காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடுகளவு கறுப்பு மணியாக இறுகும். எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் மணிதான். இதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது. சூடு வைத்து அழுத்திய மடிப்பு, துவைத்த பிறகும் கலையாமல் நிற்க வேண்டுமானால் பாலியஸ்டர் கலந்தாக வேண்டும். பருத்தியில் தைத்தால் தினமும் பதினாறு மடிப்பையும் இஸ்திரி போட்டு உட்கார வைக்க வேண்டும். மடிப்புப் பாவாடை என்று பள்ளி முடிவெடுத்தபோதே துணியும் முடிவாகிவிட்டது. அந்தத் துணிக்கு மேல் கோட், அதற்குக் கீழே எலாஸ்டிக் வைத்த ஷார்ட்ஸ், காலில் முழங்கால் வரை நைலான் சாக்ஸ் என்று போட்டுக்கொண்டு மார்ச் மாதத் தருமபுரி வெயிலில் மாலை நாலரை மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளையின் இடுப்பில், எலாஸ்டிக் இருந்த இடத்தில் வேர்க்குரு ஒரு பட்டையாகப் பூத்திருக்கும். ஓசூர், தளி பக்கம் படிக்கும் பிள்ளைகளுக்கு டிசம்பரில் அந்தக் கோட் சுகமாகக்கூட இருக்கலாம். தருமபுரிப் பக்கம் அதற்கு வேலையில்லை.

சாயம் நன்றாக இருக்கிறது. முதல் துவைப்பில் கொஞ்சம் கசிந்ததோடு சரி. ஜிப் உறுதி. கொக்கி இரண்டு மாதத்தில் போய்விட்டது.

பாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மகனின் பேன்ட்டில் பக்கவாட்டில் இரண்டு, பின்னால் ஒன்று, சட்டையில் ஒன்று என நான்கு பாக்கெட்கள். துவைக்கப் போடுமுன் நான் அவற்றிலிருந்து எடுத்தவை புளியங்கொட்டை, சாக்பீஸ் துண்டு, உடைந்த ஸ்கேல், ஒருமுறை உயிரோடு ஒரு பொன்வண்டு. மகளின் பாவாடையில் பாக்கெட் கிடையாது. சட்டைப் பாக்கெட் கோட்டுக்கு அடியில் போய்விடுவதால் அதுவும் இல்லாத கணக்குதான். அவளுக்கோ மாதத்தில் நான்கைந்து நாள் ஒரு நாப்கினை வகுப்பறையிலிருந்து கழிவறை வரை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. வளரிளம் பெண்களுக்குப் ‘புதுயுகம்’ திட்டத்தில் அரசு நாப்கினையே இலவசமாகக் கொடுக்கும் காலத்தில், அதை வைத்துக்கொள்ள ஒரு சாண் துணியில் பை தைக்கக் கூடாதா என்பதுதான் என் கேள்வி. அவள் ஜியாமெட்ரி பாக்ஸை காலி செய்து, நாப்கினை அதற்குள் வைத்து, பாக்ஸோடு கழிவறைக்குப் போகிறாள். “கணக்குப் போடவா போகிறாய்?” என்று ஓர் ஆசிரியர் வகுப்பு நடுவில் கேட்க, பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அன்று மாலை அவள் சாப்பிடவில்லை.

வெள்ளைப் பாவாடைக்கு வருகிறேன். புதன்கிழமை விளையாட்டு வகுப்பு என்பதால் வெள்ளை உடை. விளையாட்டுக்கு ஏன் வெள்ளை என்பதற்கு எனக்கு இதுவரை விடை கிடைக்கவில்லை. எங்கள் ஊர் மண் செம்மண். மைதானத்தில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் செங்கல் நிறத்தில் அச்சு விழும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குடிக்கவும் சமைக்கவும் வருகிறது. துவைப்பதற்கு எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். அதில் சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி நாலே துவைப்பில் பழுப்பேறும், சொட்டு நீலம் எவ்வளவு போட்டாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். இந்த உழைப்பு மகனின் வெள்ளை பேன்ட்டுக்கும் உண்டு என்பதால் அதை நான் பாகுபாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு நாட்காட்டியில் என் மகள் புதன்கிழமைகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டிருந்ததை ஜூலையில் பார்த்தேன். எதற்கென்று கேட்டதற்கு, “அந்த வாரம் புதன்ல வருதான்னு பாக்கறேம்மா” என்றாள். அந்த ஆண்டில் மூன்று புதன்கிழமைகள் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். கரும்பச்சையிலோ கருநீலத்திலோ ஒரு பாவாடை இருந்திருந்தால் அந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது.

நான் சீருடைக்கு எதிரானவள் அல்லள். பாலக்கோடு பக்கத்தில் அரசுப் பள்ளியில் நான் படித்த தொண்ணூறுகளில் என்னிடம் இருந்தது இரண்டே நீலப் பாவாடை, இரண்டு வெள்ளைத் தாவணி. மளிகைக் கடைக்காரர் மகளிடமும் அதே நீலம்தான் இருந்தது என்பதில் எனக்கு இருந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. அந்தத் தாவணி சைக்கிள் சங்கிலியில் மாட்டி, காரிமங்கலம் போகும் சாலையில் விழுந்து, முழங்கையில் பட்ட தழும்பும் அப்படியே இருக்கிறது. இன்று அரசுப் பள்ளிப் பெண்கள் மேல்வகுப்புகளில் சுடிதாரும் அதன்மேல் கோட்டும் அணிகிறார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகளிடம் கேட்டேன். வெயிலில் கோட் கசகசவென்று இருந்தாலும், துப்பட்டாவை ஊக்குக் குத்திச் சரிசெய்துகொண்டே இருக்கும் வேலை இல்லை, சைக்கிளில் ஏறி இறங்க யோசிக்க வேண்டியதில்லை என்கிறாள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு இணை சீருடையை அரசே விலையில்லாமல் கொடுத்துவிடுகிறது. நாலாயிரத்து அறுநூறு கொடுத்து வாங்கிய என் மகளுக்கு அவள் சைக்கிளைப் பார்த்துப் பொறாமை.

கேரளத்தில் பாலுசேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 2021 டிசம்பரில் பதினொன்றாம் வகுப்பு முழுவதற்கும் பேன்ட், சட்டை என்று ஒரே உடையைக் கொண்டுவந்தபோது ஆதரவும் எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. அதற்கு முன்பே, 2018இல், எர்ணாகுளம் மாவட்டத்து வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப் பள்ளி சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் முக்கால் கால்சட்டையும் சட்டையும் ஆக்கியிருந்தது. இதை மகளிடம் சொன்னபோது, அவளுக்கு பேன்ட்டில் பெரிய ஆசை இல்லை, சுடிதார் போதும் என்றாள். அவள் தோழிக்கோ பாவாடைதான் பிடிக்குமாம், மடிப்பு விரிந்து சுழல்வது அழகாக இருக்கிறதாம். இருவர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. நிறமும் துணியும் ஒன்றாக இருக்க, பாவாடை, சுடிதார், பேன்ட் மூன்றில் எது வேண்டுமோ அதைத் தைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் சீருடை என்ற நோக்கத்துக்கு என்ன கேடு வரும் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். தலைமையாசிரியர் பொறுமையாகவே பதில் சொன்னார்: ஒழுங்கு, கட்டுப்பாடு, பள்ளியின் தோற்றம், எல்லாப் பெற்றோரும் ஒத்துக்கொள்ள வேண்டுமே. புதன்கிழமை வெள்ளையைப் பற்றி நான் கேட்டபோது மட்டும் அவர் குரலைத் தாழ்த்தி, “அதெல்லாம் மேடைல பேச வேண்டாங்க, தனியா வாங்க” என்றார். தனியாகப் போனேன். நிர்வாகத்திடம் சொல்கிறேன் என்றார். இதுவரை பதில் இல்லை.

பள்ளி நாட்குறிப்பேட்டில் உடை விதிகள் அச்சாகியிருக்கின்றன. ஆண் பிள்ளைகளுக்கு நான்கு வரி: முடி வெட்டு, நகம், ஷூ பாலிஷ், சட்டையை உள்ளே விடுதல். பெண் பிள்ளைகளுக்குப் பதினொரு வரி. இரட்டைச் சடை மடித்துக் கட்ட வேண்டும். பூ, வளையல், மருதாணி கூடாது. பொட்டு சிறியதாக இருக்க வேண்டும். பாவாடை முழங்காலுக்குக் கீழ் நான்கு அங்குலம் இருக்க வேண்டும். முடி விஷயத்தில் ஆண் பிள்ளைகளும் தலைகுனிந்து நிற்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை, ஆனால் அவர்கள் பேன்ட்டை யாரும் அங்குலம் வைத்துப் பார்ப்பதில்லை.

அந்த நான்கு அங்குலம்தான் என்னைத் தையல்கார அக்காவிடம் கொண்டுபோய் விட்டது. பதின்மூன்று வயதில் பெண் பிள்ளை எவ்வளவு வேகமாக உயரும் என்பதை எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள். ஜூனில் சரியாக இருந்த பாவாடை ஜனவரியில் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. காலை வணக்கக் கூட்டத்தில் அவளையும் இன்னும் ஆறேழு பேரையும் வரிசையிலிருந்து வெளியே நிறுத்தி, உயரம் குறைவு என்று கண்டித்திருக்கிறார்கள். பள்ளி சொன்ன கடையில், பள்ளி சொன்ன அளவில் வாங்கிய பாவாடை அது. கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கிவிடலாம் என்று நானே உட்கார்ந்து பார்த்தால், உள்ளே மடிந்திருந்தது வெறும் அரை அங்குலம். மகனின் பேன்ட்டிலோ இடுப்பின் பின்தையலில் தாராளமாக ஓர் அங்குலமும், கால் மடிப்பில் இரண்டு அங்குலமும் விட்டுத் தைத்திருக்கிறார்கள். வளரும் பிள்ளைக்குத் துணி விட்டுத் தைக்க வேண்டும் என்பது அந்தத் தையல் கூடத்துக்குத் தெரியாமல் இல்லை.

பென்னாகரம் சாலைப் பக்கம் ஒரு சந்தில், வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டிருக்கும் அந்த அக்கா, மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து அரசுப் பள்ளிச் சீருடைகளை ஆண்டுக்கணக்கில் தைத்துக் கொடுத்தவர். பாவாடையைக் கையில் வாங்கியதும் உள்பக்கமாகப் புரட்டினார். “ஏம்மா, இதுல பட்டி மடிக்கவே துணி விடலியே, கீழ இறக்க வழியில்ல” என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, மேல்பக்கமாகக் கைவைத்தார். இடுப்புப் பட்டையைப் பிரித்து, அதற்கும் மடிப்புக்கும் நடுவில் மூன்று அங்குல அகலத்தில் ஏறக்குறைய அதே நிறத் துணி ஒன்றை ஒட்டுக்கொடுத்துத் தைத்தால், பாவாடை மொத்தமும் கீழே இறங்கிவிடும். ஒட்டுத்துணி சட்டைக்கும் கோட்டுக்கும் அடியில் மறைந்துவிடும். அந்தக் கோட்டால் எங்களுக்குக் கிடைத்த ஒரே பயன் இதுதான். பாக்கெட் வைக்க முடியுமா என்று கேட்டேன். பக்கத் தையலை ஒரு சாண் பிரித்து, உள்ளே கைக்குட்டை அளவில் காடாத் துணிப் பை ஒன்றைத் தொங்கவிட்டு, வாயை மடிப்புக்குள் வருமாறு மூடித் தைத்தார். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. ஸ்கூலில் ஏதும் சொல்வார்களோ என்று நான் இழுத்தபோது, “கையவிட்டாத்தான் தெரியும், யாரு பாவாடைல கைவிட்டுப் பாக்கப் போறாங்க” என்று சிரித்தார். இரண்டு பாவாடைக்கும் ஒட்டுக்கு 160, பாக்கெட்டுக்கு 80, ஆக 240 ரூபாய். மூன்றாம் நாள் கையில் கிடைத்தது. சிறு குறை, ஒரு பாவாடையில் ஜிப் இருக்கும் பக்கம் தையல் லேசாகச் சுருக்கம் கண்டது; சொன்னதும் பிரித்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸ் அதற்குப் பிறகு வகுப்பறையை விட்டு வெளியே போகவில்லை.

இந்த மே மாதம் ஒன்பதாம் வகுப்பு அளவு வாங்க மறுபடியும் அதே கடைக்குப் போனேன். அளவு பார்ப்பதற்காகப் பழைய பாவாடையைக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் விரித்த ஊழியப் பெண்ணின் விரல் தற்செயலாகப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. வெளியே எடுத்து, மறுபடியும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, “எங்க தெச்சீங்க மேடம்? போன வாரம் ரெண்டு அம்மா இதே மாதிரி இருக்கான்னு கேட்டாங்க” என்றாள். நீங்களே வைத்து விற்கலாமே என்றேன். “ஸ்கூல்ல குடுத்த டிசைன்ங்க, ஒரு நூல்கூட நாங்க மாத்தக் கூடாது.” அக்காவின் வீட்டுக்கு வழி சொல்லிவிட்டு வந்தேன்.

கடைக்கு ஐந்துக்கு மூன்று. அறைத் திரையை மாற்றினால் அரை கூட்டித் தருவேன். பெண் பிள்ளைகளுக்கான சீருடைக்கு ஒன்றரை, அதுவும் சாயத்துக்கும் ஜிப்புக்கும். அக்காவுக்கு நாலரை. போகிறவர்கள் மே இரண்டாம் வாரத்துக்குள் போய்விடுங்கள். பாவாடையை ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள். துவைக்காமல் பில்லோடு ஏழு நாளுக்குள் கொண்டுபோனால் மாற்றித் தருகிறார்கள். இடுப்புக் கொக்கியை வாங்கிய அன்றே இன்னொரு தையல் போட்டுவிடுவது நல்லது. அக்காவிடம் ஜூன் முதல் பதினைந்து நாள் போகாதீர்கள், திண்ணை முழுக்கத் துணிமூட்டை இருக்கும், உட்கார இடம் இருக்காது.